சிலிகான் கரண்டி, அச்சு, கேஸ்கட்: வாடை, கறை, பிசுக்கு, ஆவிக் கசிவு வந்தால் என்ன செய்வது

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால், பெட்டியில் சாக்லேட்டோடு ஒரு சிலிகான் கரண்டி செட்டும் வந்துவிடுகிறது. ராமநாதபுரம் கடைத்தெருவிலும் இப்போது எண்ணெய் தடவும் பிரஷ், கேக் அச்சு, ஐஸ் ட்ரே, சட்டி பிடிக்கும் கையுறை எல்லாம் சிலிகானில் தொங்குகின்றன. வாங்கிய ஆறு மாதத்தில் புகார்கள் தொடங்கும். கருவாட்டு வாடை போகவில்லை, கை வைத்தால் பிசுபிசுக்கிறது, வெள்ளை பூத்துவிட்டது. பாதிப் பேர் கம்பி நாரால் தேய்த்துக் கெடுக்கிறார்கள். மீதிப் பேர் நல்ல பொருளைக் குப்பையில் போடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: அது உள்ளே ஊறியதா, மேலே படிந்ததா, அல்லது பொருளே கெட்டதா? ஊறியதை வெப்பமும் வெயிலும் வெளியேற்றும். படிந்ததைச் சரியான கழுவல் எடுக்கும். கெட்டதை எதுவும் சரிசெய்யாது.

இந்த மூன்றும் ஏன் என்று புரிய, பொருளைப் பற்றிக் கொஞ்சம். சிலிகான் வழக்கமான பிளாஸ்டிக்கும் இல்லை, மரத்துப் பால் ரப்பரும் இல்லை. குவார்ட்ஸ் கல்லையும் கரியையும் மின் உலையில் உருக்கிச் சிலிக்கன் என்ற தனிமத்தைப் பிரிக்கிறார்கள். அதை மெத்தில் குளோரைடு வாயுவோடு, செம்பை ஊக்கியாக வைத்து, 300 டிகிரி செல்சியஸ் அளவில் வினைபுரியவிட்டு, கிடைப்பதைத் தண்ணீரோடு சேர்த்தால் சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி உருவாகிறது. அமெரிக்காவில் யூஜின் ரோக்கோவும் ஜெர்மனியில் ரிச்சர்ட் முல்லரும் 1940ஆம் ஆண்டு வாக்கில் தனித்தனியாகக் கண்ட வழி இது. சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்பு உறுதியானது. அதனால்தான் பிரீசர் குளிரிலும் 200 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டிலும் அது வளைந்துகொடுக்கிறது. புளிக்கும் உப்புக்கும் அசையாது. நான்ஸ்டிக் பூச்சையும் மண்சட்டியின் உட்புறத்தையும் கீறாது. மீன் குழம்பு வைக்கிற ஊருக்கு இது பெரிய வசதி.

ஆனால் அந்தச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டவை அல்ல. இடையில் நிறைய இடம் உண்டு. இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு எளிதாக வாயு அதனூடே போய்வரும். எண்ணெயில் கரையும் எதுவும் மெல்ல உள்ளே போகும். தண்ணீர் மட்டும் ஒட்டாமல் உருண்டு ஓடும். ‘சிலிகான் எதையும் உறிஞ்சாது’ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது தண்ணீருக்குத்தான் பொருந்தும். எண்ணெய்க்கும் வாடைக்கும் பொருந்தாது.

கழுவிய பிறகும் மீன், கருவாட்டு வாடை

எங்கள் கரையில் அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் பச்சை மீன் விலை ஏற, கருவாட்டுச் சட்டி அடிக்கடி அடுப்பேறும். நெத்திலிக் கருவாட்டைக் கிண்டிய கரண்டியால் மறுநாள் கேசரி கிளறினால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

மீன் வாடையில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, டிரைமெத்தில் அமின் போன்ற காரத்தன்மையுள்ள சேர்மங்கள். புளிப்பு பட்டால் இவை உப்பாக மாறி, ஆவியாகாமல் தண்ணீரோடு போய்விடும். மீனைப் புளித்தண்ணீரிலோ எலுமிச்சையிலோ அலசும் நம் வழக்கம் இதைத்தான் செய்கிறது. மற்றொன்று, காற்றுப்பட்டுச் சிக்கடித்த மீன் எண்ணெய். இது சிலிகானுக்குள் ஊறியிருக்கும். புளிப்புக்கு மசியாது. சூட்டுக்குத்தான் மசியும்.

ஆகவே வரிசை இப்படி. முதலில் சூடான தண்ணீரிலும் வாசனை குறைந்த பாத்திரச் சோப்பிலும் எண்ணெய்ப் பிசுக்கு முழுவதையும் எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் சூடேற்றினால் எண்ணெய் பிசினாக இறுகிவிடும். அடுத்து ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். பிறகு சூடு. ஓ.டி.ஜி. என்ற, கேக் சுடும் மின் அடுப்பு இருந்தால், காய்ந்த பொருளை மட்டும் 120 முதல் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள், சன்னல் திறந்திருக்கட்டும். மரப்பிடி, பிளாஸ்டிக் பிடி இருந்தால் தலையைக் கழற்றி அதை மட்டும். அடுப்பு இல்லாத வீட்டில் இருபது நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்து, மொட்டை மாடியில் காற்றோட்டமாகக் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று பகல் வெயில் பட்டால் பெரும்பாலும் தணிந்துவிடும். வெயில் சிலிகானை ஒன்றும் செய்யாது. சாதாரண ரப்பர்தான் வெயிலில் வெடிக்கும்.

அத்தனைக்கும் பிறகு கொஞ்சம் மிச்சமிருந்தால் அந்தக் கரண்டியை மீனுக்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது. மீனுக்குத் தனிச் சட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வாங்கும்போதே இரண்டு நிறத்தில் வாங்கினால் குழப்பமில்லை.

ஐஸ் கட்டியில் மீன் வாடை வந்தால் காரணம் தண்ணீர் இல்லை, ட்ரே. அதே பிரீசரில் சீலாத் துண்டும் கணவாயும் இருக்கும். மூடி சரியில்லாத டப்பாவிலிருந்து எழும் வாடையைச் சிலிகான் ட்ரே நாள் முழுவதும் வாங்கிக்கொள்ளும். ட்ரேயை மேலே சொன்னபடி சூடேற்றி எடுங்கள். பிறகு மீனை இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள், உறைந்த ஐஸ் கட்டிகளையும் ஒரு மூடிய டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். ட்ரேயை மட்டும் கழுவி, மீன் டப்பாவை அப்படியே விட்டால் மறுவாரம் அதே வாடை.

பாயசத்தில் சோப்பு வாசம் வருகிறது என்பார்கள் சிலர். அதுவும் இதே கதை. எலுமிச்சை வாசம், பூ வாசம் போட்ட திரவச் சோப்பில் கரண்டியை இரவெல்லாம் ஊறப்போட்டால் அந்த வாசனை எண்ணெய் உள்ளே போய்விடும். இரண்டு முறை வெறும் தண்ணீரில் கொதிக்கவையுங்கள், இனி ஊறப்போடாதீர்கள்.

மஞ்சள், மிளகாய்க் கறை

வெள்ளை, இளம் நிறச் சிலிகானில் மஞ்சள் கறை தேய்த்தால் போகாது. மஞ்சளின் குர்குமின் எண்ணெயில் கரையும் நிறமி. எண்ணெயோடு சேர்ந்து மேல்தோலைத் தாண்டியிருக்கும். சோப்புப் பட்டதும் கறை சிவந்து, இன்னும் மோசமானதுபோல் தெரியும். அது காரம் பட்டால் குர்குமின் நிறம் மாறும் இயல்பு, பயப்படவேண்டாம்.

குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. எண்ணெய் போகக் கழுவி, நேர் வெயிலில் கறை மேலே தெரியும்படி வையுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் ஓரிரு நாளில் வெளிறிவிடும். முண்டு வத்தல் அரைத்துவிட்ட குழம்பின் சிவப்பு இவ்வளவு சீக்கிரம் போகாது. அந்த நிறமி வேறு வகை, மெதுவாகத்தான் மங்கும். கறை மட்டும் இருந்து வாடையும் பிசுக்கும் இல்லையென்றால் பொருளுக்கு ஒரு குறையும் இல்லை, தாராளமாகப் பயன்படுத்தலாம். கறைக்காக பிளீச்சிங் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போடுவது வீண்.

கை வைத்தால் பிசுபிசுப்பு

இதில் மூன்று வேறு நிலைகள் உண்டு, மூன்றும் கைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரித்தறிவதுதான் வேலையில் பாதி.

பெரும்பாலும் அது படிந்த எண்ணெய். பணியாரம் சுட, தோசைக்கல்லில் தடவப் பயன்படும் பிரஷில் இது சீக்கிரம் வரும். எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் மெல்லிய பிசினாக மாறி ஒட்டிக்கொள்கிறது. சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தடவி, அரை மணி நேரம் கழித்து விரலாலோ மெல்லிய பழந்துணியாலோ தேயுங்கள். விரலுக்குக் கீழே பிசுக்கு திரளத் திரளச் சுருண்டு வந்தால் அது எண்ணெய்தான். இரண்டு மூன்று முறை செய்தால் பழைய வழவழப்பு திரும்பும். பிரஷ் நார்களின் அடிப்பகுதியை மறக்கவேண்டாம், பிசுக்கு தொடங்குவது அங்கேதான். கடையில் விற்கும் எண்ணெய் ஸ்பிரேயை அச்சுக்குள் அடிப்பவர்களுக்கும் இந்தப் பிசின் அதிகம் சேரும். அதில் கலக்கும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள் சூட்டில் பழுப்பாக ஒட்டிவிடும். விரலால் தொட்டுத் தடவிய நெய்யோ தேங்காயெண்ணெயோ போதும்.

இரண்டாவது, சோப்பு. உப்புத்தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் தயிர்போலத் திரிந்து படியும். அப்போது பிசுபிசுப்போடு ஒரு மாவுத்தன்மையும் இருக்கும். வினிகர் தண்ணீரில் ஊறவைத்து, கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் செய்தால் போய்விடும். குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் தெருக்களில் பாத்திரம் கழுவ நல்ல தண்ணீர் கேட்பது பெரிய கேள்விதான், தெரியும். ஒரு குவளை போதும், கடைசி அலசலுக்கு மட்டும்.

மூன்றாவதுதான் கவலைக்குரியது. எத்தனை கழுவினாலும் பிசுக்கு மறுபடி கசிந்து வருகிறது, கிள்ளினால் நகம் பதிந்த தடம் மெல்ல எழும்புகிறது, ஓரம் மெதுமெதுவென்று ஆகிவிட்டது என்றால் சங்கிலியே அறுபட்டுக்கொண்டிருக்கிறது. தரமில்லாத, சரியாகப் பதப்படாத சிலிகானில் இது நடக்கும். வெகுநாள் அழுத்தமான நீராவியில் இருந்த குக்கர் கேஸ்கட்டில் நடக்கும். கடுங்காரத்திலோ ஆசிடிலோ போட்ட பொருளிலும் நடக்கும். இதற்கு மருந்தில்லை. உணவுக்கு அருகில் வைக்காமல் எறிந்துவிடுங்கள்.

வெள்ளைப் பூச்சு

ஆழ்குழாய்த் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் கறுப்பு, சிவப்புச் சிலிகான் மேல் சாம்பல் பூசியதுபோல் வருவது சுண்ணாம்புப் படிவு. வினிகரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போர்த்திவைத்துத் துடைத்தால், கீழே வழவழப்பான நிறம் தெரியும். அதோடு விஷயம் முடிந்தது. புளி கரைத்த தண்ணீரும் கொஞ்சம் கூடுதல் நேரத்தில் அதையே செய்யும். பாத்ரூம் உப்புக் கறைக்கு வாங்கிவைத்த ஆசிடைத் தயவுசெய்து இதற்கு எடுக்காதீர்கள்.

துடைத்த பிறகும் வெள்ளை அப்படியே இருந்து, தொட்டால் சொரசொரவென்று பொடி ஒட்டினால், அந்த இடம் எரிந்திருக்கிறது. சிலிகான் உருகுவதில்லை, அளவு மீறிய சூட்டில் வெள்ளைச் சிலிக்காப் பொடியாகிவிடும். வெறும் இரும்புத் தோசைக்கல் பெரிய தீயில் 250 டிகிரியைத் தாண்டிவிடும். அதன் விளிம்பில் கரண்டியைச் சாய்த்துவைத்தால், பக்கவாட்டுத் தீயும் பட்டு, இந்தத் தழும்பு வரும். பெரும்பாலான சமையலறைச் சிலிகானுக்கு அட்டையில் 220, 230 டிகிரிதான் வரம்பு. பொடிந்த பகுதி உணவில் விழும் என்பதால் அந்தக் கரண்டியை மாற்றிவிடுங்கள்.

புதுப் பொருளில் நாற்றம், முதல் சூட்டில் புகை

சிலிகான் செய்யும்போது சங்கிலியில் சேராத சிறு வளைய மூலக்கூறுகள் சில மீந்துவிடும். நல்ல தயாரிப்பாளர்கள் அச்சிலிருந்து எடுத்த பொருளை மறுபடி 200 டிகிரியில் நான்கு மணி நேரம் வாட்டி அவற்றை ஆவியாக்கிவிடுவார்கள். இந்த வேலையைத் தவிர்த்தால் விலை குறையும், வாடை மிஞ்சும். ஜெர்மனியின் பி.எஃப்.ஆர். என்ற இடர் மதிப்பீட்டு அமைப்பு, 200 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தால் உணவுச் சிலிகானிலிருந்து ஆவியாகிப் போவது 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைக்கிறது. மீந்த மூலக்கூறுகள் கொழுப்புள்ள உணவுக்குள் எளிதாக இறங்கும், சூடு கூடக்கூட அதிகம் இறங்கும். தேங்காய்ப்பாலும் நெய்யும் புழங்கும் நம் அடுப்படியில் இதைக் கவனிக்கவேண்டும்.

மீந்த அந்த வாடையை வெளியேற்ற, வெறும் அச்சை, உணவில்லாமல், கழுவிக் காயவைத்து ஓ.டி.ஜி.யில் 200 டிகிரியில் வாட்டி எடுங்கள். பொருளின் வரம்பு 220க்கு மேல் என்று அட்டையில் இருந்தால் மட்டும். சன்னல்களைத் திறந்து, குழந்தைகளை அடுப்படிக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள். அதற்குப் பிறகு மூக்கருகே வைத்தால் ஒன்றும் தெரியக்கூடாது. இன்னும் ரப்பர், மண்ணெண்ணெய் போல அடித்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள். அதில் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டவேண்டாம்.

வாங்கும்போதே ‘பிளாட்டினம் முறையில் பதப்படுத்தியது’ என்று எழுதியிருந்தால் அதை எடுப்பேன். மற்றொரு வழியான பெராக்சைடு முறையில் பக்கப்பொருட்கள் மிஞ்சும், அவற்றை வாட்டி நீக்கியாகவேண்டும். முறுக்கிப் பார்த்து வெள்ளை விழுந்தால் மட்டம் என்ற சோதனையைப் பலரும் சொல்கிறார்கள். மலிவுப் பொடி கலந்திருந்தால் வெள்ளை விழும், உண்மைதான். ஆனால் கறுப்புச் சாயம் அதை மறைத்துவிடும். அந்த ஒன்றை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

கரண்டி முனை உருகி நூலிழுக்கிறது

அது சிலிகானே இல்லை. நைலானோ வேறு பிளாஸ்டிக்கோ சிலிகான் என்ற பெயரில் வந்திருக்கிறது. உறுதிசெய்ய, ஓரத்தில் கடுகளவு வெட்டி, இடுக்கியில் பிடித்து, வீட்டுக்கு வெளியே தீயில் காட்டுங்கள். சிலிகான் வெண்புகையோடு மெதுவாக எரிந்து வெள்ளைச் சாம்பல் விடும். பிளாஸ்டிக் உருகிச் சொட்டும். ரப்பர் கரும்புகையும் கடும் நாற்றமுமாய் எரிந்து கரியாகும். குக்கர் கேஸ்கட் சிலிகானா வேறு ரப்பரா என்று அறியவும் பழையதில் ஒரு துண்டு வெட்டி இப்படிப் பார்க்கலாம்.

வட்டிலப்பம் வேகவில்லை, அச்சில் ஒட்டுகிறது

கீழக்கரைப் பக்கம், தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் வட்டிலப்பத்தைக் கிண்ணத்திலிருந்து சிலிகான் அச்சுக்கு மாற்றியவர்களுக்கு முதல்முறை ஏமாற்றம்தான். ஓரம் நெகிழ்ந்து, நடுவில் தண்ணீராக நிற்கும். அலுமினியத்தோடு பார்த்தால் சிலிகான் சூட்டைக் கடத்துவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அடியிலும் பக்கத்திலும் சூடு மெல்ல ஏறும். எனவே நேரம் கூட்டுங்கள், தீயைக் கூட்டாதீர்கள். தீயைக் கூட்டினால் முட்டை கெட்டிப்பட்டு, மேலே ஓட்டை ஓட்டையாகிவிடும். சிறு அச்சாக, பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்பி, துளையுள்ள தட்டின் மேல் வையுங்கள், ஆவி அடியிலும் படும். நடுவில் குச்சி விட்டுப் பாருங்கள், கடிகாரத்தை நம்பவேண்டாம். கேக், இட்லிக்கும் இதே கணக்கு. கேக்கின் பக்கங்கள் பொன்னிறமாகச் சிவக்கவேண்டுமென்றால் அலுமினிய டின்தான் சரி, அங்கே சிலிகானை வற்புறுத்துவதில் பொருளில்லை.

ஒட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். முழுக்க ஆறி, முடிந்தால் ஒரு மணி நேரம் பிரிட்ஜில் இருந்த பிறகு, ஓரங்களை வெளிப்பக்கம் இழுத்துக் காற்றுப் புகவிட்டுக் கவிழ்த்தால் தானாக வழுக்கி விழும். ஆறியும் ஒட்டினால் பழைய எண்ணெய்ப் பிசின் இருக்கிறது, பிசுபிசுப்புப் பகுதிக்குப் போங்கள். கத்தி விட்டு நெம்பவே கூடாது.

தொதலுக்கு ஒரு வார்த்தை. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மாவும் இறுகி வரும் அந்தக் கிண்டலுக்குச் சிலிகான் கரண்டி கொடுக்காதீர்கள். மணிக்கணக்கில் பலத்தோடு கிண்டும் வேலை அது. கழுத்து வளைந்து, தலை கழன்று தொதலுக்குள் போய்விடும். மரத்துடுப்புதான் அதற்கு.

கிழிசல், கழன்ற தலை, பழுப்புக் கோடு

சிலிகானை எவ்வளவும் வளைக்கலாம், ஆனால் ஒரு சிறு வெட்டு விழுந்தால் புதுத் துணியைப் பல்லால் கடித்துக் கிழிப்பதுபோல் அந்த இடத்திலிருந்து விரைந்து ஓடும். நண்டு ஓடு, சுறா முள், கத்தி முனை மூன்றும் எதிரிகள். பசையால் ஒட்டும் வேலை உணவுப் பொருளில் வேண்டாம். ஜன்னல் கண்ணாடிக்கு விற்கும் சிலிகான் பசையும் உணவுக்கானது அல்ல. பிரஷில் நார் ஒன்றிரண்டு அறுந்தாலே மாற்றிவிடுங்கள், அடுத்தது பணியாரத்தில்தான் இருக்கும்.

தலையும் பிடியும் தனித்தனியாக உள்ள கரண்டியில், வாரம் ஒருமுறையாவது தலையை உருவிக் கழுவி, இரண்டும் காய்ந்த பிறகே மாட்டுங்கள். உள்ளே பால், குழம்பு தேங்கிப் புளித்துக்கிடக்கும் இடம் அது. முடிந்தால் பிடி முதல் முனை வரை ஒரே வார்ப்பாக உள்ளதை வாங்குங்கள்.

பாம்பன், மண்டபம், தனுஷ்கோடிச் சாலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. உப்புக்காற்று சிலிகானைத் தொடாது, உள்ளிருக்கும் கம்பியைத் தின்னும். சிலிகான் நுனி போட்ட இடுக்கியின் ஸ்பிரிங், ரிவெட், கரண்டியின் உள் தகடு ஆகியவை மட்டமான எவர்சில்வராக இருந்தால் துரு கசிந்து பழுப்புக் கோடு விழும். 202 ரகத்தைவிட 304 உப்பைத் தாங்கும். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வரவேண்டாம், 202லும் ஒட்டாது. ரிவெட்டில் மட்டும் துரு என்றால் தேய்த்து, உலர்த்தி, மூடிய அலமாரியில் வையுங்கள். சிலிகானுக்குள்ளிருந்து துரு புடைத்து வந்தால் அது முடிந்த பொருள்.

டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் வளையத்தில் கறுப்புப் புள்ளி

பூஞ்சை. சிலிகான் அதற்குத் தீனி இல்லை, இடுக்கில் தங்கிய சோற்றுப் பிசுக்குதான் தீனி. கடற்கரை ஈரக்காற்றில் வளையம் காயாமல் மூடியிலேயே கிடந்தால் நாலைந்து நாளில் வரும். வளையத்தை மழுங்கிய கரண்டிக் காம்பால் கிளப்பி எடுங்கள், சோப்புப் போட்டுப் பழைய டூத் பிரஷால் பள்ளத்தோடு தேயுங்கள், கொதிநீரில் பத்து நிமிடம் போடுங்கள். பிளீச் பயன்படுத்தினால் மிகவும் நீர்த்ததாக, சில நிமிடம் மட்டும், பிறகு நன்றாக அலசல். பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் கலக்கவோ அடுத்தடுத்து அலசாமல் ஊற்றவோ கூடாது. குளோரின் வாயு வரும், மூச்சை அடைத்துவிடும். புள்ளி போகாமல் உள்ளே தெரிந்தால் வளையத்தை மட்டும் புதிதாக வாங்கலாம்.

குக்கர்: பக்கத்தில் ஆவி, விசில் வரவில்லை

இதை நிதானமாகப் படியுங்கள், இங்கே பிழை நடந்தால் சூடு படும். வீட்டுக் குக்கரில் அழுத்தம் ஏறியதும் உள்ளே சுமார் 120 டிகிரி. எதைப் பார்ப்பதற்கும் முன்னால் அடுப்பை அணைத்து, அழுத்தம் தானாக இறங்கும் வரை காத்திருங்கள்.

விசிலும் வரவில்லை, பக்கத்திலும் ஆவி இல்லை, ஆனால் குக்கர் சூடாக உறுமுகிறது என்றால் கேஸ்கட்டை நினைக்கவே வேண்டாம். வெயிட் உட்காரும் குழாய் அடைத்திருக்கிறது. ஆறிய பிறகு மூடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள், ஊசியால் குத்தித் தண்ணீர் விட்டு அலசுங்கள். பருப்பு நுரையும் அரிசிக் கஞ்சியும்தான் வழக்கமான அடைப்பு. பருப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் வைத்தால் நுரை ஏறாது. சேஃப்டி வால்வு வெடித்துப் போனால் அதே நிறுவனத்தின் புது வால்வுதான். ஓட்டையை வேறு எதையும் வைத்து அடைக்காதீர்கள்.

பக்கத்தில் ஆவி வந்தால், முதலில் கேஸ்கட்டைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தையும் பாத்திர விளிம்பையும் விரலால் தடவுங்கள். ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் அந்த இடத்தில் ஆவி வரும். விளிம்பு நெளிந்திருந்தால் புதுக் கேஸ்கட் போட்டும் பயனில்லை, குக்கர் பழுதுபார்ப்பவரிடம்தான் போகவேண்டும். பள்ளம் சுத்தம், விளிம்பும் நேர் என்றால் கேஸ்கட்டைக் கையில் எடுங்கள். கறுப்பு நைட்ரைல் ரப்பர் வயதானால் விறைக்கும், மடித்தால் வெளிப்புறம் வெடிப்புத் தெரியும். சிலிகான் விறைக்காது. எண்ணெயும் ஆவியும் குடித்து ஊதிப் பெரிதாகும். மூடியில் போட்டால் அடங்காமல் அலைபோல எழும்பி நிற்கும். எனவே ‘இன்னும் மெத்தென்றுதானே இருக்கு’ என்று சிலிகான் கேஸ்கட்டை நம்பிவிடக்கூடாது.

பிரிட்ஜில் வைத்து எடுத்தால் சுருங்கிச் சரியாகும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். குளிரில் கொஞ்சம் சுருங்குவது உண்மை. அன்றைய சோறு வெந்துவிடும், சூடேறியதும் பழைய நிலைக்கே போகும். நாளைக் காலை கடை திறக்கும்வரை தாங்கும் வழி என்றால் சரி, அதற்கு மேல் வேண்டாம். மூடியைச் சுற்றித் துணி கட்டுவது, மாவு பூசுவது, கேஸ்கட்டுக்கு அடியில் நூல் கொடுப்பது எதையும் செய்யாதீர்கள்.

புதியது வாங்கும்போது பழையதையும் குக்கர் மூடியையும் கையோடு கொண்டுபோங்கள். அஞ்சு லிட்டர் என்று சொன்னால் போதாது, ஒரே கொள்ளளவில் உள்மூடிக்கும் வெளிமூடிக்கும் கேஸ்கட் வேறு. அதே நிறுவனத்தின் அதே மாதிரிக்கு உரியதை, ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். போட்டதும் வெறும் தண்ணீர் வைத்து ஒரு விசில் விட்டுப் பார்த்த பிறகே அரிசி போடுங்கள். சமையல் முடிந்ததும் கழற்றி, கழுவி, ஆணியில் மாட்டிவிடுங்கள். மூடிக்குள்ளேயே விட்டால் ஒரே பக்கம் நசுங்கி, ஊறல் வாடையும் பிடிக்கும்.

மிக்ஸி ஜார் மூடியில் சட்னி தெறித்தால் வளையம் திருப்பிப் போடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜாரின் அடியில் கசிந்தால் அது பிளேடைச் சுழற்றும் தண்டின் பக்கத்துப் பழுது, சர்வீஸ் கடை வேலை.

எறிய முடிவு செய்துவிட்டால்

பழைய சிலிகானை விறகடுப்பிலோ குப்பையோடு சேர்த்தோ கொளுத்தாதீர்கள். பழைய பிளாஸ்டிக் வாங்குபவரிடம் கலந்து கொடுப்பதும் அவருக்குத் தொந்தரவு, மற்றதோடு சேர்ந்து உருகாது. தூய்மைப் பணியாளரிடம் உலர் குப்பையில் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். வாடை மட்டும் போகாத நல்ல அச்சு என்றால் அடுப்படிக்கு வெளியே வேலை இருக்கிறது. செடித் தொட்டிக்கு அடித்தட்டாக, கேஸ் சிலிண்டருக்கு அடியில் துருக்கறை படாமலிருக்க விரிப்பாக, இறுகிய பாட்டில் மூடி திறக்கும் பிடியாக வெட்டிக்கொள்ளலாம். குக்கரில் போட்ட பழைய கேஸ்கட்டை மட்டும் இரண்டாக வெட்டிவிட்டு எறியுங்கள், அப்போதுதான் அவசரத்துக்கு யாரும் அதை மறுபடி குக்கரில் மாட்டமாட்டார்கள்.